காசு வந்துடுச்சு, தைரியமா குடும்மா!

திருடனை நேருக்கு நேர் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழவேற்காட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில். தங்கமான மனிதர். அவ்வளவு மரியாதை தெரிந்த ஆளை நான் சமீபத்தில் சந்தித்ததே இல்லை.

பொன்னேரியிலிருந்து மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது நண்டு வாங்க அங்கே போய்விடுவேன். வாங்குவது எப்போதும் தேவகியிடம்தான். நான்கு கம்பு, ஒரு நீலத் தார்ப்பாய், கயிற்றால் கட்டிப்போட்ட சேற்று நண்டுகள் கிடக்கும் இரண்டு பிளாஸ்டிக் டப்புகள். கடை அவ்வளவுதான். கணவர் முனுசாமி ஏரியில் பிடித்து வருவார், இவர் விற்பார். பதினோரு வருடப் பழக்கம். என்னை 'ணா' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கடைக்கு க்யூஆர் அட்டை வந்ததே என்னால்தான். "கைல வாங்கறதுதான் துட்டுனு எங்க நைனா சொல்லும்ணா" என்று ரொம்ப நாள் மறுத்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. காலம் மாறிவிட்டது, ஈரக் கையோடு எத்தனை நாள் சில்லறை தேடுவாய் என்று பெரிய சொற்பொழிவே ஆற்றினேன். உண்மை என்னவென்றால், எனக்கு ஏடிஎம் வாசலில் நிற்கச் சோம்பல். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். உள்ளே இப்படி ஒரு சோம்பேறி இருப்பான்.

ஆக, அட்டை வந்தது. பணம் விழுந்தால் கூவுகிற பெட்டியும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கிலோ நண்டுக்கு ஆயிரத்து முந்நூறு அநியாயம், ஆயிரத்து இருநூறுதான் தர்மம் என்று வாதாடிக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. செருப்பை ஓரமாக விட்டுவிட்டுத் தார்ப்பாய்க்குக் கீழே குனிந்து வந்தார். செருப்பை! நண்டுக் கடையில்!

"அம்மா, அஞ்சு கிலோ வேணும். நீங்களே பாத்து நல்லதா எடுத்துப் போடுங்க."

தேவகி விலையைச் சொன்னார்.

"சரிம்மா."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நண்டு வாங்க வந்தவர் அதன் வயிற்றை அழுத்திச் சதை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தராசை முறைக்கவில்லை. 'போன வாரம் எண்ணூறுக்குக் கொடுத்தாயே' என்று பொய் சொல்லவில்லை. சொந்தக் காசைக் கொடுக்கிறவன் எங்காவது இப்படி நடந்துகொள்வானா? நானோ, எவ்வளவு பண்பான வாடிக்கையாளர், நாமும் இருக்கிறோமே என்று வெட்கப்பட்டேன்.

ஐந்து கிலோ, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். அவர் போனைக் கையில் எடுத்துத் தயங்கினார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. இங்க ஏடிஎம்ல பணம் இல்ல. படகுக்காரருக்குக் கையில கொடுத்தாகணும். நான் இருபதாயிரமா அனுப்பிடறேன், உங்க காசை எடுத்துக்கிட்டு மீதியைக் கேஷா குடுக்க முடியுமா?"

தேவகி என் முகத்தைப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார்? போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுவார்கள், உஷார் என்று இதே பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதிய மேதை அல்லவா பக்கத்தில் நிற்கிறேன்!

பெட்டி கூவியது. இருபதாயிரம் ரூபாய். நான் பெட்டியை நம்பவில்லை. தேவகியின் போனை வாங்கி, வங்கியிலிருந்து வந்த மெசேஜைத் திறந்து, எழுத்து எழுத்தாகப் படித்து, இருப்புத் தொகை கூடியிருக்கிறதா என்றும் சரிபார்த்தேன். கூடியிருந்தது. பிறகு, நீதிபதி தீர்ப்பு வாசிக்கும் குரலில் சொன்னேன்.

"காசு வந்துடுச்சு, தைரியமா குடும்மா!"

தேவகி இந்தப் பக்கத்து இறால் கடையிலும் அந்தப் பக்கத்துக் கருவாட்டுக் கடையிலும் கைமாற்று வாங்கி, பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தார். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "வரேன்மா" என்று கும்பிட்டார். என் பக்கம் திரும்பி, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார்.

"பரவாயில்லைங்க" என்றேன். ஆமாம். சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்துத் தேவகியிடமிருந்து போன்.

"ணா... ரெண்டாயிரம் எடுக்கலாம்னு பேங்குக்கு வந்தேன். என் கணக்க போலீஸ் நிறுத்தி வெச்சிருக்குதுனு சொல்றாங்க. நான் இன்னாணா பண்ணேன்?"

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வங்கியில் ஓர் இளம் பெண் அதிகாரி. பாவம், நல்ல பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திருட்டுப் பணம் இந்தக் கணக்குக்கு வந்திருக்குன்னு சைபர் கிரைம் கம்ப்ளைன்ட் சார். வேற ஸ்டேட். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

எவ்வளவு தூரத்தில் இருக்கிறது அந்தப் புகார் வந்த ஊர்? சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர். தேவகி வாழ்க்கையில் ஆந்திர எல்லையிலிருக்கும் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வடக்கே போனது ஒரே ஒரு முறை. சூலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு.

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எதுக்கும்மா பணம் வாங்குறீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

அருமையான ஆலோசனை. இனி கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே விற்கலாம். ஆனால் தெரிந்தவர்கள் என்றைக்கு ஐயா காசு கொடுத்திருக்கிறார்கள்?

சந்தேகத்துக்குரிய பணம் இருபதாயிரம். நிறுத்தப்பட்டதோ முழுக் கணக்கும். அதில் அறுபத்தெட்டாயிரம் இருந்தது. பெரும்பகுதி மகளிர் குழுவில் வாங்கிய கடன், முனுசாமியின் படகு இன்ஜினுக்காக. இன்ஜின் பொன்னேரியில் ஒரு மெக்கானிக் கடையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. காசு கொடுத்தால்தான் பூட்டுவார். நண்டு நன்றாகக் கிடைக்கிற மழைக்காலம். முனுசாமி தன் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அடுத்தவர் படகில் கூலிக்கு ஏறினார்.

அதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருந்தது. அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தேவகி நான்கு நாட்களாகக் கடையே போடவில்லை என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன்.

"நண்டு போச்சு, துட்டு போச்சு, அது கெடக்குது உடுணா" என்றார். "போன வாரம் குழு மீட்டிங்கு. எப்பவும் என் பக்கத்துல குந்தறவ, தள்ளிக் குந்திக்கினா."

வராந்தாவில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முனுசாமி என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

பிறகு ஆரம்பித்தது எங்கள் போராட்டம். புகார் எண்ணை வைத்து அந்த ஊர் சைபர் போலீசுக்கு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொன்று. இல்லை. போன் செய்தேன். ஒரு வாரம் மணி அடித்தது. எட்டாவது நாள் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் எடுத்தார். எனக்குத் தெரிந்த இந்தி நாற்பது வார்த்தை. அதில் நண்டு இல்லை. செல்போனில் தேடி, 'கேக்டா, கேக்டா' என்று கத்தினேன். அது என்ன ஆப் என்று கேட்டார்.

கடைசியில் ஓட்டை ஆங்கிலத்தில் இருவரும் சமாதானமானோம். விற்றதற்குப் பில் அனுப்பச் சொன்னார். நண்டுக்குப் பில்! பில் புத்தகம் ஒன்று வாங்கிப் பழைய தேதி போட்டு எழுதிவிடலாமா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. நல்லவன் என்று நிரூபிப்பதற்குத்தான் எத்தனை திருட்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது! தேவகி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "இல்லாத்த எழுதினா மெய்யாலுமே திருடி ஆயிடுவேன்ணா."

அதனால் பில்லுக்குப் பதிலாக ஒரு புகைப்படம் அனுப்பினோம். தார்ப்பாய்க்குக் கீழே, இரண்டு கையிலும் இரண்டு நண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் நிற்கிறார் தேவகி. கூடவே ஆதார், கணக்கு விவரம், நடந்ததைச் சொல்லும் ஒரு கடிதம், அதில் சாட்சியாக என் கையெழுத்து.

படம் வேலை செய்தது. சப்-இன்ஸ்பெக்டர் தாமாகவே கூப்பிட்டு விஷயத்தை விளக்கினார். அந்த ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். தனியாக இருப்பவர். வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்த யாரோ, உன்னைக் கைது செய்யப்போகிறேன் என்று இரண்டு நாள் மிரட்டிப் பதினாறு லட்சத்தைக் கறந்துவிட்டார்கள். அந்தப் பணம் ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து பலவாகப் பிரிந்து, அதில் ஒரு துண்டு பழவேற்காட்டில் கரை ஒதுங்கியிருக்கிறது. போலீஸ் கணக்குப்படி தேவகி 'மூன்றாம் அடுக்கு'. நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும் வைத்திருப்பவருக்கு அடுக்குமாடியில் இடம்!

இரண்டு வழி இருக்கிறது என்றார். இது நேர்மையாக விற்ற காசு என்று அங்கே கோர்ட்டில் வழக்காடலாம். அல்லது இருபதாயிரத்தை அந்த அம்மாவுக்குத் திருப்பித் தரச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கலாம். மீதிக் கணக்கை உடனே விடுவித்துவிடுவார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "நண்டும் கொடுத்து, கையிலிருந்து ரொக்கமும் கொடுத்திருக்கிறாய். நீ எதற்கம்மா கட்ட வேண்டும்? நான் வக்கீல் பார்க்கிறேன்" என்றேன். வக்கீல் பார்ப்பேனோ இல்லையோ, ஒரு பத்தி எழுதியிருப்பேன்.

தேவகி என்னைக் கவனிக்கவே இல்லை. "அந்த டீச்சரம்மாவுக்கு இதுவரிக்கும் எவ்ளோ திரும்பி வந்துச்சாம்? கேளுணா."

கேட்டேன். ஒரு ரூபாயும் வரவில்லையாம். மற்ற கணக்குகள் எல்லாம் துடைத்து வைத்ததுபோல் காலி. பணம் இருந்த ஒரே கணக்கு இதுதானாம்.

தேவகி டப்பில் கட்டு அவிழ்ந்திருந்த ஒரு நண்டை எடுத்து மறுபடி கட்டினார்.

"எழுதுணா. அது துட்டு அதுக்குப் போவட்டும். கோர்ட்டுக்குனு அவ்ளோ தூரம் போய் வந்தா, ரயிலு, சோறு, வக்கீலு... அந்தச் செலவுல முழுகிடுவோம். அது இல்லாம... ஒண்டிப் பொம்பள. ரெண்டு நாளு மெரட்டிக்கிறானுங்க. யார்கிட்ட சொல்லிருக்கும் அது?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். முப்பத்தேழாவது நாள் கணக்குக்கு உயிர் வந்தது. இன்ஜின் பூட்டியாயிற்று. இறால் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் நண்டு விற்றுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றை அடைத்தார். குழுவில் அந்தப் பெண் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். அது எப்படி என்று கேட்டேன். "அவ பையன் கணக்கயும் நிறுத்தி வெச்சிட்டாங்கணா. ஆட்டோ ஓட்டறான். சவாரி வந்தவன் ஜாஸ்தியா அனுப்பி, மீதி கேட்டு வாங்கிக்கினான்" என்றார், சிரிக்காமல்.

இப்போது மொத்தத்தையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஆசிரியை காசு இழந்தார். தேவகி நண்டும் காசும் இழந்தார். முனுசாமி ஒரு மாதத் தொழிலை இழந்தார். வங்கிப் பெண் எங்களிடம் திட்டு வாங்கினார். சப்-இன்ஸ்பெக்டர் என் இந்தியைக் கேட்டார். இந்த வரிசையில் ஆதார் கேட்கப்படாத, பில் கேட்கப்படாத, கணக்கு நிறுத்தப்படாத ஒரே ஆள் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான். ஐந்து கிலோ நண்டும் அவருக்கு நன்றாகவே செரித்திருக்கும்.

தேவகி இழந்ததில் பாதியையாவது நான் தருகிறேன் என்று கவரை நீட்டினேன். வாங்கவில்லை. "நீயா எடுத்துக்கினு போன? குடுக்கணும்னா நண்டு வாங்கிக்கினு போ" என்றார். அதிலிருந்து வாராவாரம் நண்டுதான். வீட்டில் ரசத்திலும் நண்டு வந்துவிடுமோ என்று மனைவி பயப்படுகிறார்.

போன ஞாயிறு இரண்டு கிலோ வாங்கிவிட்டு, வழக்கம்போல் போனை எடுத்து அட்டை முன்னால் நீட்டினேன். தேவகி சட்டென்று அட்டையைக் கவிழ்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"ஆதார் இருக்குதாணா?"

"என்னம்மா இது? பதினோரு வருஷமா என்னைத் தெரியாதா உனக்கு?"

"உன்னத் தெரியும். உன் துட்டு எங்க இருந்து வருதுனு எனக்கு இன்னா தெரியும்?"

நியாயம்தானே! "பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறேனே, அதற்குக் கொடுக்கிறார்கள்" என்றேன்.

"அதுக்குலாமா துட்டு தராங்க?" என்று கேட்டவர், அதுவரை விளையாட்டாக நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, நிஜமாகவே ஆதார் கேட்டார்.