நீஸில் ஆர் இருக்கினம்?

எங்கள் தெருவில் குப்பை வாளிகளை வெளியே இழுத்து வைக்கிற மாலையில்தான் அயலவர்களின் கதை நடக்கும். பக்கத்து வீட்டு டேவ் தன் சிவப்பு மூடி வாளியைப் பிடித்தபடி நிற்பார், நான் என் மஞ்சள் மூடி வாளியைப் பிடித்தபடி நிற்பேன். விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் டேவ் ஓர் இடத்தின் பெயரைச் சொல்வார். ஒரு வருடம் டாஸ்மேனியா, ஒரு வருடம் ஜப்பான். "அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று நான் கேட்பேன். "நோபடி, மேட்" என்பார், அதில் ஏதோ பெருமை இருக்கிறது போல. மெல்பேர்ணுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்த நாட்டில் நான் விளங்கிக்கொள்ளாத விஷயம் மிகக் குறைவு. ஆனால் இந்த ஒரு பதில் மட்டும் பிடிபடவே இல்லை. நம்மவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், ஊரின் பெயர் வராது, ஆளின் பெயர்தான் வரும். சிட்னிக்குப் போகிறோம் என்று நாங்கள் சொல்வதில்லை, சின்னண்ணை வீட்டை போறம் என்போம். மேய்ஸ் ஹில் முருகனிடம் எனக்கு இவ்வளவு பக்தி வந்ததே, சின்னண்ணையின் வீட்டிலிருந்து கோயிலுக்கு ஐந்து நிமிடம் என்பதால்தான் என்று என் மனைவி மலர் சொல்வாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இங்கே வந்த புதிதில் ரயில் பெட்டிகள் கழுவினேன். ஓடி முடித்த ரயில்கள் யார்டுக்கு வரும், நாங்கள் ஏறிச் சீற்றுகளுக்குக் கீழே ஒட்டியிருக்கிற சுவிங்கத்தைச் சுரண்டுவோம். அப்படிச் சுரண்டியவன்தான் இன்று ஸ்பிரிங்வேலில் சொந்தமாகக் கிளீனிங் கொம்பனி நடத்துகிறான். என் பெயர் எழுதிய ஆறு வான்கள் இந்த நகரத்தில் ஓடுகின்றன. படித்தவர்கள் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐரோப்பாவை ரயிலில் சுற்ற வேண்டும் என்ற ஆசை அந்த யார்டில்தான் எனக்குள் விழுந்தது. ரயிலின் அடியை இவ்வளவு பார்த்தவன், ஒரு நாளாவது ஜன்னல் ஓரம் இருந்து பார்க்க வேண்டாமா?

போன வருடம் அதற்கு வேளை வந்தது. இங்கே நாங்கள் கம்பளிக்குள் நடுங்குகிற ஆடி மாதம் அங்கே நல்ல கோடை. என் மகள் சுதா வெரிபீயிலிருந்து வந்து ஒரு பெரிய ஐரோப்பிய வரைபடத்தைக் குசினி மேசையில் விரித்தாள். வசதியைப் பாருங்கள், ஒரே ஒரு பாஸ், அதைக் காட்டி எந்த நாட்டு ரயிலிலும் ஏறலாம், எல்லையில் ஒருவரும் துவக்கோடு வந்து அடையாள அட்டை கேட்பதில்லை. கொழும்பு ரயிலில் எத்தனை இடத்தில் இறங்கி நின்றோம் என்று நினைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். டோர்ட்முண்டில் சித்தப்பாவின் மகன், வட்டம். சுவிசில், லுசேர்னில் மலரின் தம்பி, வட்டம். பாரிசில் என் தங்கையின் மகள் வாசுகி, வட்டம். டென்மார்க், நோர்வே, லண்டன் என்று போட்டுக்கொண்டே போனேன். போர் எங்களைத் தூக்கி எறிந்ததென்று எல்லோரும் அழுகிறார்கள். எறிந்ததுதான். ஆனால் விழுந்த இடமெல்லாம் முளைத்திருக்கிறோமே, அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்பா, இது ஹொலிடே. ஃபேமிலி ட்ரீ இல்லை," என்றாள் சுதா. "வை நொட் வியன்னா? ஃபுளோரன்ஸ்?"

"அங்க ஆர் இருக்கினம்?"

"நோ வன்! தட்ஸ் தி பொயிண்ட்."

அவளும் டேவைப் போலவே பேசினாள், இந்த நாட்டில் பிறந்தவள்தானே. ஆனால் அடுத்ததாக மலர் வாய் திறந்ததுதான் எனக்குப் புதினம்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டு கேட்பன், கோவிக்கக் கூடாது. எங்களுக்கு ஒருத்தரும் இல்லாத ஊர் ஒண்டில நாலு நாள் நிக்க வேணும்."

"ஒருத்தரும் இல்லாத ஊரில என்னப்பா செய்யிறது?"

"ஒண்டும் செய்யாம இருக்கிறது. கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் போன ஊரெல்லாம் குசினிதான். கனடாக்குப் போய் வெங்காயம் உரிச்சன். லண்டனுக்குப் போய் ரொட்டி தட்டினன். அந்த ஊர் எல்லாம் என்ன நிறம் எண்டு எனக்குத் தெரியாது. முழங்கால் இனி இவ்வளவு தூரம் விடாது. இதுதான் கடைசி."

அவள் சொன்னது உண்மை. ஆனால் எனக்கு வேறு ஒரு உண்மையும் இருந்தது. நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு கொழும்பில் ஒரு வீட்டு விறாந்தை, பாங்கொக்கில் ஒருவரின் அறை மூலை, இங்கே முன்பின் தெரியாத ஒரு தமிழரின் கராஜ், இப்படி ஆட்கள் இருந்தபடியால்தான் உயிரோடு வந்து சேர்ந்தோம். லொட்ஜில் நிற்பது நாதியற்றவன் செய்கிற வேலை என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். சுவிசுக்குப் போய் மச்சான் வீட்டில் நிற்காமல் ஹோட்டலில் நின்றால் அவன் முகத்தை நான் பிறகு எப்படிப் பார்ப்பது? யோசிச்சுச் சொல்லுறன் என்று தள்ளிப் போட்டேன்.

அந்தக் கிழமை குப்பை வாளி மாலையில் டேவிடம் கேட்டேன். அவரும் மனைவியும் ஐரோப்பாவுக்கு நாலைந்து தடவை போய் வந்தவர்கள். பிரான்ஸ் எப்படி என்றேன். டேவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நீஸ்!" என்றார். "ஓல்வேய்ஸ் நீஸ், மேட்."

எனக்குக் காது நிமிர்ந்தது. நீஸ் என்றால் கூடப்பிறந்தவர்களின் மகள், மருமகள், பெறாமகள் முறை. அவ்வளவு ஆங்கிலம் எனக்குத் தெரியாதா? இந்த மனுசனுக்குப் பிரான்சில் ஒரு மருமகள் இருக்கிறாள், ஒரு நாளும் சொல்லவில்லையே.

"யூ ஸ்ரே நீஸ்?" என்று கேட்டேன்.

"மூன்று வாரம். வரவே மனம் வரவில்லை," என்றார்.

"நீஸ் குட்?"

"பியூட்டிஃபுல். கொஞ்சம் செலவுதான். ஆடி மாதத்தில் சரியான நெரிசல்."

செலவு என்றதும் எனக்கு எல்லாம் விளங்கியது. வெறுங்கையோடு போக முடியுமா, மருமகளுக்கு இங்கேயிருந்து சாமான் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கோடையில் அவள் வீட்டில் விருந்தாளிகள் நிரம்பி வழிவார்கள், வாசுகி வீட்டைப் போலத்தான். வெள்ளைக்காரருக்கு ஒட்டுறவு இல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேனே என்று வெட்கமாகிவிட்டது. எவ்வளவு பாசமுள்ள மனிதர்கள்! நான் டேவின் தோளில் தட்டி, "யூ குட் ஃபமிலி மான்," என்றேன். டேவ் கொஞ்சம் குழம்பித்தான் பார்த்தார், ஆனால் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்குள் போன வேகத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"கேட்டீரோ? டேவே பிரான்சுக்குப் போனா மருமகளிட்டத்தான் நிக்கிறாராம். மூண்டு கிழமை! வெள்ளைக்காரனே ஹோட்டலுக்குப் போறேல்லை, நீர் போகப் போறீர்."

மலர் வரைபடத்தை மடித்து அலுமாரிக்கு மேல் வைத்தாள். அடுத்த நாள் மிளகாய் வாங்கி வறுக்கத் தொடங்கினாள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொதி தூள். தும்மல் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவள் கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். ஆனால் அவள் பயணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் தூளை மட்டும் கட்டிக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ செய்தது.

இரண்டு ஞாயிறு கழித்து டேவ் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தன் பயணப் படங்களை ஒரு அல்பத்தில் கொண்டு வந்திருந்தார், எங்களுக்கு உதவுமாம். பாருங்கள், கேட்காமலே உதவுகிற குணம் இந்த நாட்டு மனிதர்களுக்கு. மலர் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்து, எதிர்க் கதிரையில் இருந்தாள். அல்பத்தில் நீலக் கடல், ஓடு வேய்ந்த வீடுகள், கல்லுக் கடற்கரை. பக்கம் பக்கமாகப் புரட்டியும் ஒரு பெண்பிள்ளையைக் காணவில்லை.

"வெயார் நீஸ்?" என்று பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"திஸ் இஸ் நீஸ்," என்று டேவ் கடலைக் காட்டினார்.

"நோ, நோ. யுவர் நீஸ்."

"மை நீஸ்?" டேவ் யோசித்தார். "என் மருமகள் பேர்த்தில் இருக்கிறாள். பதினைந்து வருடமாக நாங்கள் பேசுவதில்லை."

மலர் அல்பத்தைத் தன் பக்கம் திருப்பினாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தாள். நான் அதை முதலே பார்த்தேன்தான், ஆனால் என்-ஐ-சி-ஈ என்ற எழுத்துகளை நைஸ் என்றுதான் வாசித்தேன். நல்ல இடம், அதனால் நைஸ் என்று எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மலர் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரை படித்தவள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மெதுவாக, "நீஸ் ஒரு ஊர்."

பிறகு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணீர் ஒழுக, கதிரையோடு சேர்ந்து குலுங்கினாள். "பியூட்டிஃபுல், ஆனா கொஞ்சம் செலவான மருமகள்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விஷயத்தை ஆங்கிலத்தில் டேவுக்குச் சொன்னதும் அவர் மேசையில் அடித்துச் சிரித்தார். நான் மட்டும் தேத்தண்ணீரைக் குடித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகு மலர் அந்தக் கடற்படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள், எடுக்கவில்லை.

நான் கொம்பனி நடத்துகிறவன். பிழை விட்டுவிட்டேன் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே மாற்றத் தெரியும். அலுமாரிக்கு மேலிருந்த வரைபடத்தை எடுத்து, சிவப்பு வட்டங்களில் பாதியைக் கோடு போட்டு வெட்டினேன். நீஸுக்கு நானே வட்டம் போட்டேன். டோர்ட்முண்ட், லுசேர்ன், நீஸ், கடைசியாகப் பாரிஸ்.

செய்தி லுசேர்னுக்கு எட்டியது. மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அத்தான், நீஸில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகேன் போறியள்? ஆரும் செத்தவையோ?"

"இல்லையடா, சும்மா."

"சும்மாவோ?" குரலைத் தாழ்த்தினான். "அக்கா சுகமா இருக்கிறாவோ? ஒண்டும் மறைக்காதேங்கோ."

அவனைச் சமாதானப்படுத்த ஒரு மணித்தியாலம் போனது.

ஐரோப்பாவின் ரயிலைப் பற்றி எழுதத் தனிப் புத்தகம் வேண்டும். சொன்ன நிமிடத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதன் துப்புரவு! நான் டோர்ட்முண்டில் ஏறியதும் முதல் வேலையாகச் சீற்றுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. லுசேர்னிலிருந்து நீஸுக்குப் போகிற வழியில் ரயில் மலைகளைத் துளைத்துக்கொண்டு இத்தாலிக்குள் இறங்கியபோது, இதைக் கட்டியவன் மனிதனே இல்லை என்று மலரிடம் சொன்னேன். டோர்ட்முண்டிலும் லுசேர்னிலும் உறவுகள் எங்களைக் கொண்டாடினார்கள். மலர் இரண்டு இடத்திலும் குசினியில்தான் நின்றாள், ஆனால் இந்த முறை கதை கேட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றாள்.

நீஸில் டேவ் சொன்ன ஹோட்டலிலேயே அறை எடுத்தோம். முதல் நாள் காலை சாப்பிட்டு முடித்ததும் மலர் பழக்கத்தில் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவுகிற இடம் தேடினாள். பரிமாறுகிற பெண் ஓடி வந்து "நோ, நோ, மதாம்" என்று பறித்தாள். மலர் தான் ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவள் போல வெறுங்கையோடு நின்றாள். மறுநாள் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மூன்றாம் நாள் இன்னொரு கோப்பி கேட்டாள்.

எனக்குத்தான் பொழுது போகவில்லை. அங்கே நான் ஆர் என்று ஒருவருக்கும் தெரியாது. ஹோட்டல் வரவேற்பில் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்து, "ஐ ஹாவ் சிக்ஸ் வான்," என்றேன். அவர் பதறிப்போய், "சொறி சேர், நோ பார்க்கிங்," என்றார்.

கடற்கரை ஓரம் நீல நிறக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள், யாரும் இருக்கலாம். நாலு நாளும் மலர் அதில்தான் இருந்தாள். கடைசி மாலை, அவளாகவே சொன்னாள்.

"இண்டைக்கு முழுக்க என்னை ஒருத்தரும் ஒண்டும் கூப்பிடேல்லை, கவனிச்சனீங்களோ? மாமி இல்லை, அக்கா இல்லை, அன்ரி இல்லை."

"கவலையா இருக்கோ?"

"இல்லையப்பா," என்றாள் கடலைப் பார்த்தபடி. "என்ர பேர் மலர் எண்டு எனக்கே இண்டைக்குத்தான் ஞாபகம் வந்தது."

மறுநாள் காலை பாரிஸ் ரயில் ஏறினோம். லுசேர்னில் எங்களை வழியனுப்பப் பிளாட்பாரம் நிறைய ஆட்கள், புட்டுப் பார்சல், அழுகை. இங்கே ஒருவரும் இல்லை. ரயில் அசையத் தொடங்கியதும் மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"ஆருக்கப்பா கை காட்டுறீர்?"

"எங்கட ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு ஒருத்தருக்கும் கை காட்டேல்லை," என்றாள்.

எதிர்ப் பிளாட்பாரத்தில் பெட்டியோடு ஒரு முதியவர் நின்றார். தன்னைத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றி எங்களை நோக்கி ஆட்டினார். அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது, பாரிசிலிருந்து வாசுகி. "மாமா, எத்தினையாம் பெட்டியில வாறியள்? நாங்கள் எல்லாரும் ஸ்ரேசனுக்கு வாறம்." பெட்டி இலக்கத்தைச் சொல்லிக்கொண்டே நான் மற்றக் கையை உயர்த்தினேன். ரயில் வளைவில் திரும்பி அந்த மனிதர் மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் ஆட்டிக்கொண்டிருந்தோம்.