யாரோ தலையில் என் எண்ணெய்

அந்த எண்ணெய் நான் ஆட்டிக் கொடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை இப்போது எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள், ஒருத்தர்கூட அதைச் சொல்வதில்லை.

பெரம்பலூரில் எனக்கு, எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. போர்வெல் மோட்டார், கிணற்று மோட்டார், எது புகைந்தாலும் என்னிடம் வரும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்து அதே வருஷம் படிப்பை விட்டவன் என் நண்பன். அவன் வெல்டிங் பக்கம் போனான். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பட்டறை, இந்தப் பக்கம் என் கடை. அவன் பற்ற வைத்தால் என் கடை லைட் மங்கும். அதை வைத்தே அவன் வேலையில் இருக்கிறானா டீக்குப் போய்விட்டானா என்று எனக்குத் தெரியும்.

ஹங்கேரிக்கு வெல்டர், ஃபிட்டர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரெண்டு பேரும்தான் பாஸ்போர்ட் எடுத்தோம். அவனுடையதில் முத்திரை விழுந்தது. என்னுடையது பீரோவில், புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு இருக்கிறது. போகாததற்கு நான் வெளியே சொன்ன காரணம், அம்மாவுக்குச் சர்க்கரை. உள்ளே இருந்தவை வேறு. விமானத்துக்குள் எத்தனை மோட்டார் ஓடும், அதெல்லாம் எவன் கட்டின காயிலோ. அந்த ஊரில் எனக்கு வயிற்றுவலி வந்தால் எந்தப் பாஷையில் சொல்வது?

"வயித்தத் தொட்டுக் காட்டுடா, போதும்" என்றான் அவன்.

"தொட்டுக் காட்டி, பசிக்குதுன்னு நெனச்சு சோறு போட்டுட்டா?"

நான் வரமாட்டேன் என்பது அந்த இடத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்களுக்குள் ஒரு பழக்கம். நாள் முழுக்க நெருப்பைப் பார்க்கிறவனுக்குக் கண்ணெரிச்சல் தீராது. தலைக்கு நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டுக் குளித்தால்தான் அடங்கும். குன்னம் பக்கம் என் மாமனார் சோளக்கொல்லையில் ஒரு போர்வெல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. அங்கே போவோம். அவன் முதுகுக்கு நான் தேய்ப்பேன், என் முதுகுக்கு அவன். தொட்டியில் விழுந்து கிடந்துவிட்டு, மிளகு ரசத்தோடு சோறு தின்றுவிட்டுத் திரும்புவோம். ஆகவே அவன் கிளம்பும்போது, எள் வாங்கிக் காயவைத்துப் புடைத்து, செக்கில் என் கண் முன்னால் ஆட்டி, ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கவர் சுற்றி, அதற்கு மேல் டேப் ஒட்டி, அதற்கும் மேல் இன்னொரு கவர் போட்டுக் கொடுத்தேன். கூடவே சீயக்காய்ப் பொட்டலம்.

"எந்த ஊரா இருந்தாலும் சனிக்கிழம சனிக்கிழமதான். விட்டுறாத" என்றேன்.

அவன் விடவில்லை. அதுதான் வினை.

போன கொஞ்ச நாளிலேயே போனில் ஒரு புதுப் பேச்சு வந்தது. அவனோடு ஒரே ரூமில் தங்கியிருக்கிற பையன் ஒருத்தன், அரியலூர்க்காரன், எங்களைவிட வயது குறைந்தவன். இவன் அவனைப் 'பங்காளி' என்று கூப்பிட்டான். இத்தனை வருஷமாக நான் 'மாப்ள'. எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு தூரம் போயும் கிடைத்தது ஒரு அரியலூர்க்காரன்தானா? ஒரே மாவட்டமாக இருந்து பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தவர்கள் நாங்கள். அதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், மனுஷனுக்கு மனுஷன் பகை கிடையாது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அந்த எல்லைக்கோடு நன்றாகவே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீடியோ கால் வந்தது. ஒரே போனுக்குள் ரெண்டு முகம். முந்தின நாள் லீவு போட்டு ஏதோ ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பேர் எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. ஒரு கதையை ரெண்டு பேரும் பாதிப் பாதியாகச் சொன்னார்கள். ஒருத்தன் தொடங்க, மற்றவன் முடிக்க. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஊரில் வீட்டுச் சுவரில், கடை வாசலில் எல்லாம் சிவப்பு மிளகாயைச் சரம் சரமாகக் கோர்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். என் நண்பன் அதைத் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்து, அதன் கீழே போகாமல் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிருக்கிறான். எதிர்ப்பக்கமும் சரம். ஆக நடுரோட்டிலேயே நடந்திருக்கிறான், பின்னாலிருந்து கார் ஹாரன் அடிக்க அடிக்க. அரியலூர்க்காரன் ஒரு சரத்தை விலைக்கு வாங்கி மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டானாம்.

"ராத்திரி அதுல பாதிய அரைச்சுக் காரக்கொழம்பு வச்சோம்ண்ணே" என்றான் என்னிடம். "செக்கச்செவேல்னு இருந்துச்சு. வாயில வச்சா இனிக்குது."

அந்த ஊரில் பூமிக்குள்ளிருந்தே வெந்நீர் வருகிறதாம். அதைப் பெரிய தொட்டி கட்டித் தேக்கி, ஜனங்கள் கழுத்து வரைக்கும் இறங்கி நிற்கிறார்கள். வயசானவர்கள் தண்ணீருக்குள் நின்றபடியே ஒரு பலகையை மிதக்கவிட்டுச் சதுரங்கம் ஆடுகிறார்கள். இவர்கள் பார்த்தார்கள். குளிக்கிற இடம். வெந்நீர் தானாக வருகிறது. கிழமையும் சனி. ரூமுக்குத் திரும்ப நேரமாகும் என்று எண்ணெய் பாட்டிலைப் பையிலேயே எடுத்துப் போயிருக்கிறார்கள். யோசிக்க என்ன இருக்கிறது? தொட்டிக்கரையில் உட்கார்ந்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தேய்த்துக்கொண்டார்கள். தேய்த்தால் ஊற வேண்டுமே, ஊறினார்கள். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் பார்க்க, ரெண்டு பேரும் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள்.

"முதுகுக்கு?" என்று கேட்டேன்.

"என்ன?"

"முதுகுக்கு யார் தேச்சது?"

"பங்காளிதான். வேற யாரு? வெள்ளக்காரனயா கூப்புட முடியும்?" என்று சிரித்தான்.

பிறகு நடந்ததுதான் இன்றைக்கு எல்லாரும் சொல்கிற கதை. அரியலூர்க்காரன் எழுந்து நடந்தான், வழவழத்த கல்லில் கால் வைத்தான், உட்கார்ந்த வாக்கில் அப்படியே சறுக்கிப் போய்த் தண்ணீரில் விழுந்தான். விழுந்த இடத்தில் சதுரங்கம். ராஜா ராணியெல்லாம் மிதக்க, ஒரு தொப்பைக்காரரின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவர் இவனைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார், கை வழுக்கியது. இவன் அவரைப் பிடிக்கப் பார்த்தான், அவரும் வழுக்கினார். தண்ணீர் மேல் எண்ணெய் வானவில் மாதிரிப் பரவிற்று. காவலுக்கு நின்றவன் விசில் ஊதினான். விசில் எதற்கென்று தெரியாத என் நண்பன், சரி, நேரமாயிற்று போல என்று சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தான். அந்தப் பொடியைப் பார்த்ததும் தொட்டியே காலியாகிவிட்டது.

ரெண்டு பேரையும் வெளியே ஏற்றி, ஷவருக்கு அடியில் நிறுத்தி, ஏதோ சோப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். செக்கு எண்ணெய் அதற்கெல்லாம் போகுமா? அங்கே ஒரு கிழவி மட்டும் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்து, உள்ளங்கையில் ஊற்றி, தன் முட்டியில் தேய்த்துக்கொண்டு போனாளாம். எண்ணெய் வழியும் தலையோடு டவுன் பஸ் என்று நினைத்து இவர்கள் ஏறியது ஊரைச் சுற்றிக் காட்டுகிற பொம்மை ரயில். சீட்டில் எண்ணெய் படாமலிருக்க டிரைவர் பேப்பர் விரித்து உட்காரவைத்தாராம். ஸ்டேஷன் வரும் வரும் என்று பார்த்தால், அதே மாதா கோயிலையும் அதே வெந்நீர்த் தொட்டியையும் மறுபடி மறுபடி காட்டியது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் காவல்காரன் வாசலில் நின்று முறைத்தான்.

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு திறந்து போட்டிருந்த மோட்டாரின் முன்னால் உட்கார்ந்து, கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு காயிலின் எந்தப் பள்ளம் வரைக்கும் சுற்றி விட்டேன் என்று தெரியாமல் விழித்தேன். என் எண்ணெய். என் சீயக்காய். வழுக்கி விழுந்தவன் எவனோ.

வீட்டுக்காரி மூஞ்சியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சக்களத்தி வந்தவ மாதிரி உக்காந்துருக்கீங்க."

நண்பன் லீவில் வந்தபோது அவன் தங்கச்சி பிள்ளைக்குத் திருமானூரில் காதுகுத்து. அரியலூர்க்காரனும் அதே லீவில் வந்திருந்தான், அதற்கும் வந்தான். பந்தி முடிந்து பந்தலுக்கடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் கதை ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் இலை போடுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். மிளகாய் வந்தது, தொப்பைக்காரர் வந்தார், கிழவி வந்தாள். எண்ணெய் வந்தபோது அவன் சொன்னது, "பையில நல்லெண்ண இருந்துச்சு." அவ்வளவுதான். அது எப்படிப் பைக்குள் வந்தது? எள்ளாகப் பறந்து போனதா? அந்த ஊர்க் கிழவிக்குக் கதையில் இடம் இருக்கிறது. எனக்கு இல்லை.

அடுத்த சனிக்கிழமை குன்னம் கொல்லைக்குப் போவதாகப் பேச்சு. ரெண்டு பேருக்குத்தான் ரசம் வைக்கச் சொல்லியிருந்தேன். வண்டியில் ரெண்டு பேர் வந்து இறங்கினார்கள்.

"பங்காளியும் ஊறட்டுமே, மாப்ள" என்றான்.

மோட்டாரைப் போட்டேன். அது நான் கட்டின காயில், இருந்தாலும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை நடுவில் வைத்துவிட்டு, கேட்கவேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "திருமானூர்ல அவ்ளோ பேருகிட்ட சொன்னியே. எண்ண நான் குடுத்ததுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவன் தலையில் எண்ணெயைத் தட்டிக்கொண்டே சொன்னான். "உன்னப் பத்திப் பேச்செடுத்தா அடுத்து என்ன கேப்பானுங்க? நீ ஏன்டா கூடப் போவலம்பானுங்க. ஒருத்தன் கேட்டா நீ தாங்குவ. அத்தன பேரும் கேட்டா ஒரு வாரத்துக்குத் தூங்க மாட்ட. அதான் வுட்டுட்டேன்."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வாரம் என்பதுதான் குறைச்சல்.

அரியலூர்க்காரன் அதுவரை தொட்டிச் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "நானும் ஒண்ணு சொல்றங்கண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க இவரு கூட எங்க போனாலும் நீங்கதான். பாலத்துல ஏறினா, அவன் இருந்தா 'இது தாங்குமா'ன்னு கேப்பான்ங்கிறாரு. லிஃப்ட்ல ஏறினா, அவன் படியில வருவான்ங்கிறாரு. கூட நிக்கிறது நானு, பேச்சு பூரா உங்களப் பத்தி. எனக்கே கடுப்பாயிரும்."

"அன்னிக்கு நீ இருந்திருந்தா எங்கள எறங்கவே வுட்டுருக்க மாட்டடா" என்றான் நண்பன். "போர்ட எல்லாம் படிச்சு, நாலு பேரக் கேட்டு, ரூமுக்குப் போயிக் குளிப்போம்னு இழுத்துட்டு வந்துருப்ப."

அதுவும் உண்மை. நான் போயிருந்தால் அந்தக் கதையே கிடையாது. மத்தியான வெயிலில் அதை நினைத்தபோது, சறுக்கி விழுந்தவன் மேல் இருந்ததைவிட, அப்படி விழ முடிகிறதே என்பதன் மேல்தான் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"திரும்புங்க" என்றான் அரியலூர்க்காரன். என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தான். கை முரடு, ஆனால் தேய்க்கத் தெரிந்தவன். நானும் அவனுக்குத் தேய்த்தேன், கொஞ்சம் அழுத்தியே. ரசம் பற்றவில்லை. தண்ணீர் விட்டுப் பெருக்கிக் குடித்தோம்.

அவர்கள் திரும்பக் கிளம்புகிற வாரம் மறுபடி எள் வாங்கி, காயவைத்து, செக்குக்குப் போனேன். ரெண்டு பாட்டிலில் ஊற்றினேன். ரெண்டுக்கும் கவர், டேப், அதற்கு மேல் கவர். பையில் வைக்கும்போது நண்பன் ரெண்டையும் தூக்கிப் பார்த்தான்.

"இது என்னடா சின்னதா இருக்கு?"

"அது உன் பங்காளிக்கு" என்றேன்.