தாளைப் பிடித்திருக்கும் கை

ஜௌபர் காக்கா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மச்சான் றமீஸ் போனில் சொன்னபோது, அக்கரைப்பற்றில் என் கடைக் கணினியில் ஒரு முறைப்பாடு திறந்து கிடந்தது. எங்கோ தூர நாட்டுப் பெண் எழுதியிருந்தாள்: “என் கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்?” விசர்க் கேள்வி என்று மூடிவிட்டு ஜனாஸாவுக்கு ஓடினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்துப் பிழைத்தார். மிச்ச நேரமெல்லாம், செய்தவர்களே கைவிட்ட பழைய ஸ்கேனர்களைக் கணினியோடு கதைக்கவைக்கும் ட்ரைவர் மென்பொருளை எழுதி, யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தார். அதற்கு வரும் முறைப்பாடுகளைப் பார்ப்பது என் பங்கு; ஓசியில் வாங்கிவிட்டு ஏசுகிறவர்களுக்கு நான் சூடாகப் பதில் எழுதப் போவேன். அவர் விடமாட்டார். “ஏசுறவன் பாவிக்கிறான் தம்பி. பாவிக்காதவன் என்னத்துக்கு ஏசப்போறான்?” என்பார். வேலையைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: “தாளில உள்ளதக் காட்டு. இல்லாததக் காட்டாத.”

படமெடுக்க மட்டும் நிற்கவே மாட்டார். என் கலியாணத்தில் கமராக்காரனைக் கண்டதும் சமையல் பக்கம் போய் ஒளிந்துகொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அடையாள அட்டையில் இருப்பதோ மீசை அரும்பாத யாரோ ஒரு பொடியன். இளவயதில் நெல் ஆலைப் பட்டியில் சிக்கி, இடது கை மோதிர விரலில் பாதி போயிருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பினால், அதே முறைப்பாடு வேறு வேறு ஊர்களிலிருந்து. பழுப்பேறிய தாள்களில், இடது மூலையில், ஒரு கை தெரிகிறதாம். நிழல் இல்லை, வெளிச்சத்தாலான கை. மோதிர விரல் குட்டை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜின், பேய்க் கதைகளைக் கேட்டுச் சிரிக்கிறவன்தான் நான். ஆனாலும் கடையில் ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவர்கள் சொன்ன ரக ஸ்கேனரைப் போட்டேன். கொப்பிக்கு உறை போடும் பழுப்புத் தாளை வைத்தேன். கை வந்தது. தாளை நகர்த்தினேன். கை நகரவில்லை.

பிறகுதான் நினைவு வந்தது. மேசை விளக்குப்போல மேலிருந்து குனிந்து பார்க்கும் ஸ்கேனர் அது. வெள்ளை எது என்று அதற்கு முதலில் ஒரு வெற்றுத் தாளைக் காட்டிக் கொடுக்கவேண்டும். அந்தப் பதிவு ட்ரைவரோடு எல்லோருக்கும் போகும். மௌத்தாவதற்குச் சில நாள் முன், என்னோடு போனில் கதைத்தபடியே காக்கா அதைச் செய்தார். “பொறு தம்பி, ஃபேன் காத்துக்குத் தாள் பறக்குது” என்றார். அப்போதுதான் தாளின் மூலையை இடது கையால் பிடித்திருக்கிறார். கை இருந்த இடத்தை இருட்டென்று எண்ணி, ட்ரைவர் எல்லோருடைய தாளிலும் அந்த இடத்துக்கு வெளிச்சம் கூட்டிக்கொண்டிருந்தது; வெள்ளைத் தாளில் தெரியாதது, பழுப்புத் தாளில் கையாகத் தெரிந்தது.

திருத்துவது சின்ன வேலை. ஆனால் இந்த உலகத்தில் அவருடைய படமென்று இருந்தது அது ஒன்றுதான். மனம் வராமல் இழுத்தடித்தேன். அப்புறம் ஒருவர் எழுதினார்: தன் காணி உறுதிப் பத்திரத்தில் கையெழுத்தின் மேல் அந்தக் கை விழுந்து வெளிறிவிட்டதாம், பிரதியைக் கந்தோரில் ஏற்கவில்லையாம். இனி என்ன சாட்டுச் சொல்ல?

காக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ராத்தா, கணவனை இழந்தவர் பிற ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால், திரைக்கு இப்பால் இருந்து விஷயத்தைச் சொன்னேன். கையின் படத்தைத் திறந்து கொடுத்தேன்; றமீஸ் மடிக்கணினியை உள்ளே கொண்டுபோனார். உள்ளே அவர்கள் இருவரோடு மூன்றாவதாக யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதாக எனக்குப் பட்டது.

“அந்த விரல இப்பிடி மடிச்சித்தான் வைப்பார்” என்றது ராத்தாவின் குரல். பிறகு, “அழியுங்க தம்பி. இல்லாததக் காட்டப்படாதெண்டு அவர்தானே சொல்லுவார்.”

ஃபேனை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, புதுத் தாள் வைத்துப் பதிந்து அனுப்பினேன். முறைப்பாடுகள் நின்றன. முதலில் எழுதிய பெண் மட்டும் மறுபடி எழுதினாள். அவை இறந்துபோன தன் தாயின் கடிதங்களாம். தாள் பறந்துவிடாமல் யாரோ பார்த்துக்கொள்வதுபோல் இருந்ததாம். “பிடித்திருந்தவர் எங்கே போய்விட்டார்?” என்று கேட்டிருந்தாள். அவர் காலமாகிவிட்டார் என்று பதில் எழுதினேன். அதுவரை அழாதவன் அன்றைக்குத்தான் அழுதேன்.

அவருடைய சொல் என்னிடம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. ஸ்கேனரின் கீழ் எந்தத் தாளை வைத்தாலும் இடது மூலையை நான் தொடுவதில்லை. அங்கே ஏற்கனவே ஒரு கை இருக்கிறது.