உண்ணிச்செடியை வேகவைக்க ஜவ்வாது மலைக்கு

1984 கார்த்திகையில் ஜவ்வாது மலைக்குத் தனியாகப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, மரத்திலிருந்து சர்க்கரை எடுக்க. பெட்ரோல் விலை எல்லோரையும் பயமுறுத்திய காலம் அது. கட்டையிலிருந்து சர்க்கரையும் அதிலிருந்து எரிசாராயமும் எடுக்கலாம் என்பது கல்லூரியில் எங்கள் ஆய்வு. மரத்தில் சர்க்கரை இருக்கிறது. லிக்னின் என்ற பசை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் முதல் வேலை. கட்டை காய்ந்தால் பிடி இன்னும் இறுகுமோ என்று சந்தேகம். அதனால் வெட்டிய இடத்திலேயே பச்சையாக வேகவைக்க முடிவு செய்தோம். 'செய்தோம்' என்பது பழக்கத்தில் வருகிறது. என்னோடு இதைத் தொடங்கிய தோழி ஆவணியில் திருமணமாகி வெளிநாடு போய்விட்டாள்.

போளூரில் காலையில் பஸ். ஜமுனாமரத்தூருக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். வளைவுகளில் இரண்டு மணி நேரம் ஆனது. மடியில் பிரஷர் குக்கர்.

“இன்னாம்மா, மல மேல கல்யாணச் சமையலா?” என்றார் கண்டக்டர்.

“கட்டையை வேகவைக்கப் போறேங்க.”

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

ஜமுனாமரத்தூரில் தங்கிய விடுதியில் நான் மட்டும்தான். காவல்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். நாலு மணிக்கே பனி இறங்கி எதிரில் இருந்த மரங்கள் மறைந்தன. பேச்சுத்துணைக்கு ஸ்டவ் சத்தம்.

காலையில் மட்டும் பக்கத்து ஊர் முனியம்மா வருவாள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய சாமை நிலத்தில் பாதியை உண்ணிச்செடி என்ற முள்புதர் அடைத்திருந்தது. அதை வெட்டி என் சோதனைக்குக் கட்டாகக் கொண்டுவந்து போடுவாள். புருஷன் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். கட்டை இறக்கிவைத்தவுடன் கிளம்பிவிடுவாள். நானும் நிறுத்திப் பேசியதில்லை.

சீவிய கட்டையை நீர்த்த அமிலத்தோடு கண்ணாடிக் குடுவையில் போட்டு, குக்கருக்குள் வைத்து வேகவைத்தேன். இறங்கிய சாற்றில் சோடா உப்பைப் போட்டு அமிலத்தை முறித்துவிட்டு, சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் நீலக் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினேன். சர்க்கரை இருந்தால் நிறம் மாற வேண்டும்; நீலம் நீலமாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. குக்கர் வளையம் ஆவியைக் கசியவிடுவது அப்புறம்தான் தெரிந்தது. சந்தையில் சைக்கிள் டியூப் வாங்கி, வெட்டிச் சுற்றினேன்.

மூன்றாம் நாள் மதியம் நீலம் பச்சையாகி, பிறகு செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை! வாய்விட்டுக் கத்தினேன். வெற்றுச் சுவர்தான் கேட்டது. அழுகை வந்தது. சோதனைக் குழாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஒரு மைல் நடந்து முனியம்மா வீட்டுக்குப் போனேன்.

“இன்னா டீச்சரம்மா, ஒடம்பு செரியில்லியா?”

“உங்க கட்டையில சர்க்கரை வந்துடுச்சு, முனியம்மா.”

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அந்த முள்ளுலயா? இத்த சொல்லவா இம்மாந்தூரம் நடந்து வந்தீங்க?”

“வேற யாருகிட்டச் சொல்றது?”

அவள் சிரிக்கவில்லை. களியும் கீரையும் எடுத்துவைத்தாள். “நானும் தனியாத்தான் துன்றேன். ஒக்காருங்க.”

சாப்பிட்டுவிட்டு இருவரும் விடுதிக்கு வந்தோம். மிச்சக் கட்டையைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தேன். இறங்கிய கறுப்பு நீரில் அமிலம் விட்டதும் லிக்னின் பழுப்புத் தூளாகப் படிந்தது. பலகை ஒட்டும் பசைக்கு உதவும் என்றேன். “கெட்ட செடிக்கு இம்மாம் வேலையா!” என்றாள்.

ஊர் திரும்பிக் காய்ந்த கட்டையையும் சோதித்ததில், பச்சைக் கட்டைதான் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை தந்திருந்தது. ஆனால் அமிலச் செலவு கட்டுப்படியாகாமல் ஆய்வு நின்றது. முனியம்மாவின் நிலத்தில் கொஞ்சம் செடியாவது போனது.

மலைக்குப் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டுவையுங்கள். தனியாகத் தங்குவதானால் பையை வைத்துவிட்டு, பக்கத்து ஊர் வரை நடந்து யாரோடாவது பேசிவிட்டு வாருங்கள். நான் அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.