நாலாம் மாடிக்கு நான் வைத்த பேர்

பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டி விடுவது என் தொழில். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் எழும்பியதிலிருந்து காலையில் எனக்கு ஓய்வு கிடையாது. கம்ப்யூட்டர் வேலைக்கென்று எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள். பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்க்க வீட்டில் ஆள் இருக்காது. என்னைக் கூப்பிடுவார்கள். என் கையிலிருந்து ஒரு பிள்ளை வழுக்கியதில்லை. ஒரு வீட்டில் காதில் விழுந்ததை இன்னொரு வீட்டில் நான் பேசியதுமில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் நிமிர்ந்து சொல்வேன்.

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். போனில் வரும் பேரை நான் கூட்டி முடிப்பதற்குள் மணி நின்றுவிடும். தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகும் என் மருமகள் அதற்கு ஒரு வழி செய்தாள். கூப்பிடுகிறவர் பேரை வாய்விட்டுச் சொல்லும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

"காசே இல்ல அத்தே, ஓசிதான்."

அது என்னென்னவோ கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்திவிட்டு ஓடினாள்.

பேர்களை நானே போனிடம் வாயால் சொல்லிப் பதிந்துவைத்தேன். ஆட்களின் பேர் என் மனதில் நிற்காது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் நிற்கும். அதையே பேராக வைத்துவிட்டேன். போன் அடித்ததும் அது சொல்லும், நானும் யார் என்று தெரிந்துகொண்டு எடுப்பேன். ராணி மாதிரி இருந்தது.

நாலாம் மாடியில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. தலைப்பிள்ளை. தாய்ப்பால் போதாமல் டப்பாப் பாலும் சேர்த்துக் கொடுத்துவந்தாள். ஊருக்குத் தெரிந்தால் கேவலம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. என்னிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தாள். இதிலெல்லாம் என்ன கேவலம், எத்தனை வீட்டில் பார்க்கிறேன் என்று தேற்றியிருந்தேன்.

ஒரு நாள் அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"நாளையிலருந்து வர வேண்டாம் பாட்டி. உங்கள நம்பித்தான சொன்னேன்? கேஸ் சிலிண்டர்காரர உள்ள விடச் சொல்லி கேட்டுக்குப் போன் பண்ணா, வாட்ச்மேன் 'பால் பத்தல மேடமா'ன்னு சிரிக்காரு."

வைத்துவிட்டாள். வேலை போவது ஒரு பக்கம். வம்பு பேசுகிறவள் என்ற பேரோடு போவதா? அப்போதே ஷேர் ஆட்டோ ஏறினேன்.

வாட்ச்மேன் எங்கள் பக்கத்து ஆள்தான், பேரன் எடுத்தவர்.

"இன்னா நைனா, அந்தப் பொண்ண இன்னான்னு கூப்ட்ட? வயசாச்சே, வாய் அடங்க வேணாம்?"

"தோ பாரு ஆயா, எம்மேல பாயாத. போன்ல அப்டிதான் வந்துச்சு. நான் படிச்சேன்."

"சும்மா கதை உடாத."

"நீயே பாருமே!"

போனை நீட்டினார். என் போனில் இருக்கிற அதே ஆப். நான் எழுத்துக் கூட்டினேன். பா, ல், ப, த், த, ல. அதற்கடுத்து நாலாம் மாடி. என் வாயிலிருந்து வந்த சொல். ஆவடியில் என் வீட்டில் உட்கார்ந்து என் போனிடம் சொன்னது, இங்கே கேட்டில் நிற்கிறது.

பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் செய்ததை இன்னொருவர் தலையில் போட்டுப் பழக்கமில்லை. லிப்டில் ஏறினேன். கதவைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல கண்ணு. ஆனா அந்தப் பேரு நான் வெச்சதுதான்" என்றேன். ஆப் வந்த கதையைச் சொன்னேன்.

உட்காரச் சொன்னாள்.

"ஓசியா குடுக்கவன் சும்மாவா குடுப்பான் பாட்டி? உங்க போன்ல இருக்குற நம்பரு, பேரு அத்தனையும் எடுத்துக்கிடுவான். அத வச்சுத்தான் மத்தவங்களுக்குப் பேரு காட்டுதான். என்னுது புது நம்பர். வேற யார் போன்லருந்தும் அதுக்குப் பேரு போகல போல. நீங்க வச்சதே நின்னுபோச்சு."

காசு கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இது அடுத்தவர் வீட்டு விஷயத்தையல்லவா என் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அவள் தன் போனிலிருந்தே அந்த ஆப் கம்பெனிக்கு எழுதினாள், தன் நம்பரை எடுத்துவிடச் சொல்லி. மூன்று நான்கு நாளாகுமாம். என் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டாலும் அங்கே போனது போனதுதானாம்.

"உங்க போனத் தாங்க. எல்லாப் பேரையும் நானே மாத்தித் தாரேன்."

நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். "வேணாம் கண்ணு. மத்த வீட்டு சமாச்சாரம்லாம் உள்ள கீது. நீ பாக்கக் கூடாது."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவ்வளவு நேரம் இறுகியிருந்த முகம் இளகியது. உள்ளே பிள்ளை சிணுங்கியது. போய்த் தூக்கிவந்து என் மடியில் போட்டாள்.

எல்லாப் பேரையும் மாற்ற எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு நான் வேலை பார்க்கும் மற்ற பதினோரு வீட்டுக்கும் போய், உன் நம்பரை அவனிடம் எடுக்கச் சொல்லி எழுது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தி கோபித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எனக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க?"

சொன்னேன், அவரவருடையதை அவரவரிடம் மட்டும்.