பேனர்ல இருந்து தூக்கச் சொன்ன படம்

இன்னிக்கு காலையில எங்க ஃப்ளெக்ஸ் கடைக்கு சின்னசேலத்துல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு. இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கு பேனர் வேணுமாம்.

"ஓட்டத்துல நாட்டுக்கு மெடல் வாங்கிக் குடுத்துச்சே, அந்தப் பொண்ணு படத்த நடுவுல பெருசா வை தம்பி. நம்ம சாதிப் புள்ள!"

வச்சேன். மதியமே போன் பண்ணாரு.

"அது நம்ம ஆளு இல்லியாம். தூக்கிடு."

"தூக்கிட்டு இன்னாண்ணே வைக்கிறது?"

"என் படத்த வை."

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. உசுரக் குடுத்து ஓடுனது அவ. இவரு எங்க கடை மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குனாரு.

அவ படத்த தனியா பிரிண்ட் போட்டு கடை வாசல்ல ஒட்டினேன்.

அடுத்து வந்த கஸ்டமர் அதப் பாத்துட்டுக் கேட்டாரு: "உங்க ஆளா?"

ஆமான்னேன்.

இப்ப கமெண்ட்ல வந்து "அப்ப நீங்க எந்த ஆளு?"ன்னு கேப்பீங்களே, கேளுங்க.