அயர்லாந்துக்காரர் கல்லறையில் ஓர் இடம்

என் மனைவியின் தாத்தா அயர்லாந்துக்காரர். அவள் அம்மாவைப் பெற்றவர். பட்டாளத்தில் வந்தார். பிறகு ரயில்வேயில் சேர்ந்தார். போத்தனூரில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். டெல்லிக்கு மாற்றலாகி இங்கேயே செத்தார். பழைய கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கல் நட்டிருக்கிறது. கல்லில் அவர் பிறந்த ஊரின் பெயரும் இருக்கிறது.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவி கறுப்பு. கண் மட்டும் பூனைக்கண். லக்ஷ்மிபாய் நகரில் அவள் சமையல் செய்த வீட்டில் ஒரு மாமி கேட்டார்.

"வெள்ளைக்காரன் பேத்தி ஏன்டி சப்பாத்தி உருட்டறே?"

"அவரு விட்டுட்டுப் போனது இந்தக் கண்ணு மட்டும்தாங்க. இத வெச்சு வாடகை குடுக்க முடியுங்களா?"

அவள் பேச்சு அப்படித்தான். நான் பேச மாட்டேன். எனக்கு வெள்ளையடிக்கிற வேலை. லோதி ரோடு, ஆர்.கே.புரம் சர்க்கார் வீடுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டிருக்கிறது. சுவரோடு பேச ஒன்றும் இல்லை.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். ஆட்டோவில் வரும்போது சொன்னாள்.

"ஏனுங்க, என்னைத் தாத்தா குழியில வெச்சிருங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அவள் அம்மா ஒரு தமிழரைக் கட்டிக்கொண்டார். ரயில்வேயில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், வீட்டில் அது பெரிய மானக்கேடு. அண்ணன் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அம்மா செத்தபோது பிணத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். தாத்தாவின் குழியைத் திறக்கச் சொல்லிக் கேட்டார்கள். குழி அண்ணன் பேரில் இருந்தது. அவர் வாசலில் நின்று, இது எங்கள் ஆட்களுக்கு என்று சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வெயில். ஈ மொய்த்தது. முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தேன் என்பாள்.

கடைசியில் மதில் ஓரம் பொது இடத்தில் புதைத்தார்கள். சில வருஷம் கழித்து அதே இடத்தைத் தோண்டி வேறு ஆட்களைப் போட்டுவிட்டார்கள். இப்போது அம்மா எங்கே என்று காட்ட முடியாது. கல்லறைத் திருநாளில் அவள் மதில் ஓரமாக ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு வருவாள். எந்த இடம் என்று ஒவ்வொரு வருஷமும் மாறும்.

"எங்கம்மாவுக்குக் கிடைக்காத எடத்துல நான் போய்ப் படுக்கணும்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் கல்லறைத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கிறவர் நாகர்கோவில் பக்கம். நல்ல மனுஷன்.

"ஐயா, பழைய குழிய தொறக்கலாம். காலம் ஆயாச்சு. ஆனா யாரு பேர்ல இருக்கோ அவங்க என்.ஓ.சி. குடுக்கணும். இல்லன்னா அவங்க வாரிசு."

"அவரு சீமைக்குப் போயிட்டாரு. இருக்காரா இல்லையான்னே தெரியாது."

"தேடுங்க. புது எடம் இங்க ஒரு அடி கூட இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுத் தோட்டத்துக்குத்தான் அனுப்புறோம்."

தேடுவதற்கு எனக்கு என்ன தெரியும். மகள்தான் தேடினாள். அவள் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. கல்லைப் படம் பிடித்தாள். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் முன்னோர்களைத் தேடுகிற கூட்டம் ஒன்று போனில் இருக்கிறதாம். அதில் போட்டாள். அதே குடும்பப் பேர் கொண்டவர்கள் நிறையப் பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் தன் நாய்களின் படத்தை அனுப்பினார்.

"நாயும் நமக்குச் சொந்தமாடீ?" என்றாள் என் மனைவி. அப்போது கஞ்சி மட்டும்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

மழை முடிகிற சமயத்தில் ஒரு பெண் எழுதினாள். பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் பூட்டியும் எங்கள் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். குடும்பம் முழுவதையும் மரம் மாதிரி வரைந்து வைத்திருந்தாள். மகள் போனில் காட்டினாள். தாத்தா பேர் இருந்தது. அவருக்குக் கீழே மகன் பேர் இருந்தது. மகன் கல்யாணம் செய்யவில்லை, கிழவயதில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்கு வந்து இவர்கள் வீட்டோடு இருந்து செத்துப்போனார் என்று எழுதியிருந்தாள்.

"ஒரு தங்கச்சி இருந்தாங்களாம், சின்ன வயசிலேயே டெத் ஆயிட்டாங்கன்னு அங்கிள் சொன்னாராம்" என்று மகள் படித்துச் சொன்னாள்.

என் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

"எங்கம்மாவ ரெண்டு வாட்டி சாகடிச்சிருக்கான்" என்றாள்.

"மம்மி, அவங்ககிட்ட உண்மைய போல் தூம்? சொல்லிடவா?"

"ஒண்ணும் சொல்லாத. அப்பறம் எவளாவது கையெழுத்துப் போடுவாளா? பெரியவருக்கு வயசாயி மறந்து போச்சுன்னு எழுது."

மகள் அப்படியே எழுதினாள். அந்தப் பெண் நம்பிவிட்டாள். மரத்தில் என் மாமியார் சின்ன வயதில் செத்ததாக இருந்ததைத் திருத்தினாள். கீழே என் மனைவி பேர், அதற்குக் கீழே மகள் பேர். மனைவி பேருக்குப் பக்கத்தில் என் பேரையும் போட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினார்கள். என் மனைவி தலை வாரச் சொன்னாள். முடி அதிகம் இல்லை. முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். அந்தப் பெண் போனில் ஒரு கிழவியின் படத்தைக் காட்டினாள். அவள் அத்தையாம். என் மனைவி மாதிரியே நீண்ட தாடை.

"ஐயோ பாவம், இந்தத் தாடைய வெச்சுக்கிட்டு இதுக்கு எப்படிக் கல்யாணம் ஆச்சு?"

"மம்மி, அவங்களுக்குக் கேக்குது."

"கேட்டா என்ன, புரியவா போகுது?"

மகள் குழி விஷயத்தைக் கேட்டாள். நான் தலையணையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைக்காரர்கள் குழியைத் திறப்பதா என்று முகம் சுளிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் சுளிக்கவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான், எங்கள் வீட்டுக் குழியில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றாளாம். கடிதம் எழுதி, மாமாவின் சாவுச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றாளாம்.

"அப்ப நம்ம சாதிதான்" என்றாள் என் மனைவி. அன்று இரண்டு கரண்டி கஞ்சி கூடக் குடித்தாள்.

கடிதம் வந்தது. ஆபீசில் கொடுத்தேன். "போதும் ஐயா" என்றார். ஒரு வாரம் வீட்டில் நிம்மதியாக இருந்தது.

பிறகு அந்தப் பெண் மறுபடி எழுதினாள். அந்த மாமாவை, என் மாமியாரின் அண்ணனை, எரித்து, சாம்பலை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். டெல்லியில் அப்பா குழியில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுச் செத்தாராம். யாரும் இத்தனை வருஷம் போகவில்லை. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், வெயில் வருவதற்குள் நானே கொண்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாள்.

"எங்க வெச்சிருக்காங்களாம்?"

"அல்மாரி மேல."

என் மனைவி சிரித்தாள். இருமல் வந்தது. துடைத்துவிட்டேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"ஏனுங்க. எனக்கு அந்தக் குழி வேண்டாம்."

"ஏன் புள்ள?"

"அம்மாவ வாசல்ல நிறுத்தினவன் பக்கத்துல எப்படிப் படுப்பேன்?"

"சாம்பல்தானே."

"சாம்பல்னா ஆளு மாறிடுமா?"

மகள் சொன்னாள், "மம்மி, சிம்பிள். அவர எடுத்துட்டு வராதீங்கன்னு சொல்லிடலாம். ரீசன் சொன்னா அவங்க மான் ஜாயேங்கே, ஒத்துக்குவாங்க."

"அது அவன் அப்பன் குழி. நான் வரக்கூடாதுன்னு சொல்றதா? அப்பறம் அவன் சொன்னதுக்கும் நான் சொன்னதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அச்சா, நீ மட்டும் எங்கேயோ தூரத்துல இருப்பியா?"

"இருக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொன்னா அவனக் கொண்டு வர மாட்டா."

மகள் அழுதாள். நான் வெளியே வந்து நின்றேன். இத்தனை மாதம் தேடியது இதற்குத்தானா என்று கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பழைய தோட்டம் எனக்குப் பக்கம். வேலை முடிந்து நடந்தே போய்விடலாம். புதுத் தோட்டத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நான் அதைத்தான் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

பனிக்காலத்தில் ஒரு காலையில் போய்விட்டாள். டீ வைத்துக் கொண்டு வந்தேன். வாய் திறந்திருந்தது. கட்டிவிட்டேன்.

ஆபீஸ்காரர் போன் செய்தார். "ஐயா, குழிய தொறக்கச் சொல்லட்டுமா? கடுதாசி எல்லாம் சரியா இருக்கு."

மாதா கோயில் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் பக்கத்திலேயே வைத்துவிடலாம் என்றார்கள். பனியில் அவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்றார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, மம்மிக்குத் தெரியவா போகுது? நான் தினமும் போய்ப் பார்ப்பேன். ப்ளீஸ்பா."

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதுதான் ஆசை. வண்டி வந்தது. டிரைவர் எங்கே என்று கேட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றேன். மகள் கையை எடுத்துவிட்டாள்.

புதுத் தோட்டம் வெறும் பொட்டல். ஒரு மரம் இல்லை. வரிசையாகத் தோண்டிக்கொண்டே போகிறார்கள். அன்று அவளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். யாரென்று தெரியாது. குழி வெட்டுகிறவன் இந்தியில் கேட்டான், ஒருவருக்கா, இருவருக்கா என்று. இருவருக்கு என்றால் ஆழமாக வெட்டுவான். பிறகு மேலே இன்னொருவரை வைக்கலாம். இருவருக்கு என்றேன். கூட நேரமானது. வந்தவர்கள் குளிரில் நின்றார்கள். சில பேர் கிளம்பிவிட்டார்கள்.

மகள் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு வைப்பாள். வேலைக்குப் போவாள். குழி தூரம் என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் வேறு நாளில் போனேன்.

வெயில் வருவதற்கு முன் அந்தப் பெண் வந்தாள். எதிர்பார்த்ததைவிடக் குள்ளம். அதே தாடை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பழைய தோட்டத்துக்குக் கூட்டிப் போனோம். மாதா கோயில் சாமியார் ஜெபம் சொன்னார். தாத்தாவின் கல்லுக்கு முன்னால் நானே தோண்டிப் பெட்டியை வைத்தேன். மண்ணை மூடித் தட்டினேன். அந்தப் பெண் அழுதாள். மகள் அழவில்லை.

பிறகு அந்தப் பெண் என் மனைவியின் குழியைப் பார்க்க வேண்டும் என்றாள். சுற்றிலும் தேடினாள். இங்கே இல்லை என்று மகள் சொன்னாள். பஸ்ஸில் போனோம். அந்தப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

புதுத் தோட்டத்தில் வரிசை இன்னும் நீண்டிருந்தது. மகள்தான் இடத்தைக் காட்டினாள். மரச்சிலுவைதான் நட்டிருந்தது, கல் இன்னும் வைக்கவில்லை. அந்தப் பெண் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு மகளிடம் கேட்டாள்.

"மம்மி ஏன் அங்க இல்லன்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

"இனிமே மறைக்க என்ன இருக்கு. சொல்லு" என்றேன்.

மகள் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். தள்ளுவண்டி என்று கையால் காட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. கீழே உட்கார்ந்துவிட்டாள். மண் ஒட்டியதைக் கவனிக்கவில்லை. ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"தெரிஞ்சிருந்தா அவர எடுத்துட்டு வந்திருக்கவே மாட்டேன்னு சொல்றாங்க."

"அதுக்குத்தான் உங்க மம்மி சொல்ல வேண்டாம்னா" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை மட்டும் அந்தப் பெண்ணிடம் அவள் சொல்லவில்லை.